தொட்டையன் போட்ட வாய்க்கரிசி

அரிசித் தட்டை ஏந்திக்கொண்டு மகேந்திரன் அப்பாவின் தலைமாட்டில் நின்றிருந்தபோது தொட்டையன் உள்ளே வந்தார். பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி மகேந்திரனுக்கு உடம்பு முழுக்க மரத்துப் போயிருந்தது.

அப்பா, டெய்லர் லிங்கப்பன், தைத்த ரவிக்கைகளை முடிச்சுப் போட்டுக் கட்டினால் சாமுண்டி மலையை மூன்று சுற்றுச் சுற்றலாம். அப்பேர்ப்பட்டவர் செத்த பிறகும், வந்தவர்களுக்கு அளவெடுப்பதுபோல ஒரு கண்ணை மூடாமல் கிடந்தார்.

காவிரிச் சண்டையில் தமிழர் கடைகளோடு அவர் கடையும் எரிந்தது. அதற்கப்புறம் முப்பத்து நாலு யுகாதிக்கும், எதிர்வீட்டுக் கன்னடக்காரர் தொட்டையன் ஒப்பிட்டுப் போளியோடு வந்து நின்று சொல்வது ஒன்றேதான்: "எங்க ஜனம் தப்பு பண்ணிடுச்சு, லிங்கப்பா."

"ஜனத்தக் கூட்டிட்டு வா, மன்னிக்கறேன். தனியா வந்தீன்னா நீ செஞ்சதச் சொல்லு."

ஒப்பிட்டைக் கடைசித் துண்டுவரை தின்றுவிட்டு, மன்னிப்பை மட்டும் திருப்பி அனுப்பிவிடுவார் லிங்கப்பன்.

இப்போது தொட்டையன் தட்டை நோக்கிக் கையை நீட்டினார். "எங்க ஜனம் தப்பு பண்ணிடுச்சு, மகேந்திரா."

மகேந்திரன் தட்டைப் பின்னுக்கு இழுத்தான்.

"குடு கண்ணு," என்றாள் அம்மா நஞ்சம்மா. "ஊரே சேந்து செஞ்சதுக்கு ஒருத்தரப் புடிச்சுக் கேப்பியா?"

"ஊருக்கு எங்கம்மா கை இருக்குது? தொட்டையண்ணா, நீங்க என்ன செஞ்சீங்க?"

வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கயிற்றை விட்டுவிட்டார்கள்.

"பூட்ட நான்தான் ஒடச்சேன்," என்றார் தொட்டையன், பிணத்தைப் பார்த்து. "கடப்பாரை எங்க வீட்டுது. கல்லு போட்டுட்டுப் போயிருப்பாங்க எல்லாரும். துணி, சீக்கிரம் பத்தும்னு சொன்னது நானு. அவங்களுக்குத் தோணல."

நஞ்சம்மா அழுகையை நிறுத்தினாள்.

மகேந்திரன் கோபம் வருமென்று காத்திருந்தான். வரவில்லை. அழுகையாவது வருமென்று பார்த்தான். அதுவும் வரவில்லை. அப்பா முப்பத்து நாலு வருஷம் கேட்டது இதைத்தான். ஒரு நாள் பிந்தி வந்திருக்கிறது.

தட்டை நீட்டினான்.

தொட்டையன் போட்ட அரிசி வாயில் விழாமல் மீசையெல்லாம் சிந்தியது. மகேந்திரன் குனிந்து, ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, அப்பாவின் உதட்டுக்குள் வைத்தான்.