முழங்கால் மேல் இரண்டு கைகள்

கையப் பாரு மக்கா, வெளிய என்ன பார்வ, என் கை எங்க இருக்குன்னு பாரு, மடியில இருக்கு சார், மடியில இல்ல, முட்டுக்கு மேல, மலத்தி வச்சிருக்கேன் பாத்தியா, அப்போ இத இப்ப யாரு ஓட்டுகது, நான்தான் சார், நீதான, பிறகு என் மொகத்த என்னத்துக்குப் பாக்க, என் மொகமா ஓட்டுது, என்று என் பயிற்றுநர் சிரிக்கிறார், தலைக்கவசத்துக்குள் அந்தச் சிரிப்பு இரைச்சலோடு கலந்து மணல் சரிவதுபோலக் கேட்கிறது, கீழே தக்காணத்துப் பாறைகள் வெயிலில் கிடக்கின்றன, எனக்கு இடப்பக்கத்து இருக்கையில் பச்சைச் சீருடையின் இரண்டு முழங்கால்கள், அவற்றின் மேல் இரண்டு உள்ளங்கைகள், வானத்தைப் பார்த்து விரிந்து, ஹெலிகாப்டரின் அதிர்வில் தாமும் நடுங்கிக்கொண்டு, யாரிடமோ எதையோ கேட்பவை போல, இடது கட்டைவிரலுக்கு அடியில் எப்போதோ சூடான குழாயில் பட்டு வெந்த தழும்பு, அந்தத் தழும்பைத்தான் நான் இப்போதும் பார்க்கிறேன், பேருந்தின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று முகத்தில் அறைய, சாலையின் இருபுறமும் காற்றாலைகள் மூன்று மூன்று இறக்கைகளோடு மெதுவாகச் சுற்ற, அவர் இறந்து இன்றோடு நாற்பத்தோரு நாள், அவர் வீட்டு ஜெபத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

விங் கமாண்டர் ஞானசிகாமணி, விமானப்படைத் தளத்தில் எல்லோருக்கும் சிகா சார், எனக்கு ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், பனிமலையில் எட்டு வருடம், இரண்டு பெருவெள்ளங்களில் மொட்டைமாடி மொட்டைமாடியாக இறங்கி ஆட்களைத் தூக்கியவர் என்று மற்ற பயிற்றுநர்கள் சொல்வார்கள், அவர் சொல்லமாட்டார், கேட்டால், அது கெடக்கட்டும், நீ நேத்து இறங்கினதப் பேசுவோம், கோழி கூடையிலேருந்து குதிச்ச மாதிரில்லா இறங்கின, என்பார், எங்கள் அணியில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்தி, அருப்புக்கோட்டைக்காரி, ஆகாயத்தில் பேச்செல்லாம் ஆங்கிலம்தான், விதி அப்படி, ஆனால் நான் பயந்தால் மட்டும் அவர் தன் ஊர்த் தமிழுக்கு மாறிவிடுவார், பயப்படாண்டாம் மக்கா, நான் இங்கதான இருக்கேன், எனக்குப் பயம் வந்ததே அந்தத் தமிழ் காதில் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஒரே ஹெலிகாப்டர், அதற்கு இரண்டு பேர் முன்னாலும் கைப்பிடிகள், ஆகவே இந்த நொடியில் ஓட்டுவது யார் என்பதை வாயால் சொல்லியாக வேண்டும், கொடுப்பவர் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், வாங்குபவர் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும், அதைக் காதால் கேட்ட பிறகே கொடுத்தவர் கையை எடுக்க வேண்டும், ரெண்டு பேரும் ஓட்டுனா சண்ட, ரெண்டு பேரும் ஓட்டலன்னா சாவு, என்பார், எங்கள் இருவருக்குள் அது வச்சுக்கோ, வாங்கிட்டேன் சார், என்று ஆகியிருந்தது, அதோடு அவர் தன் பங்குக்கு இன்னொன்றையும் சேர்த்திருந்தார், முழங்கால் மேல் மலர்த்திய கைகள், நான் ஒண்ணையும் பிடிச்சிருக்கல பாரு என்று காட்ட, முதல் வாரத்தில் ஒருமுறை அவர் சொல்வதற்கு முன்பே அவசரப்பட்டுத் தொட்டுவிட்டேன், விரல்மேல் ஒரு தட்டு, நான் தந்தேனா, தராம எடுத்தா அதுக்குப் பேரு களவு, கேட்டியா, அதன்பின் அந்தச் சொல் வராமல் நான் எதையும் தொட்டதில்லை, தொடாமல் இருந்ததுதான், தொடாமல் இருந்ததுதான் இப்போது இந்தப் பேருந்தில் என்னோடு வருகிறது.

பறக்காத நேரத்தில் ஹெலிகாப்டர் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து ஏதாவது மொழிபெயர்ப்பு நாவல் படித்துக்கொண்டிருப்பேன், பனியும் ரயிலும் கடிதங்களும் நிறைந்த தடித்த புத்தகங்கள், அவர் தேநீர்க் குவளையோடு வந்து நின்று, இது எந்த நாட்டுக்காரன், எத்தன பேரு சாகான் இதுல, என்பார், இன்னும் யாரும் சாகல சார், சாவான், இவ்வளவு தடியா எழுதிட்டு ஒருத்தனையும் கொல்லாம விடமாட்டான், கடைசியில யாருன்னு எனக்குச் சொல்லணும் என்ன, நான் படிக்கமாட்டேன், ஆனா தெரியணும், என்பார், அவர் இறந்த அன்று நான் படித்துக்கொண்டிருந்த நாவலில் நூற்று எண்பதாம் பக்கத்தோடு நின்றுவிட்டேன், கடைசியில் யார் என்று இன்றுவரை எனக்கும் தெரியாது, அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் பனி பெய்துகொண்டிருக்கிறது, ஒரு பெண் கதவைத் தட்டக் கையை ஓங்கியிருக்கிறாள், நான் மூடி வைத்ததிலிருந்து அவள் அப்படியே நிற்கிறாள், விடியற்காலைக் கனவில் அவள் இடத்தில் நான் நிற்கிறேன், கதவுக்குள்ளிருந்து டப் டப் டப் என்று இறக்கை சுற்றும் ஓசை, கதவைத் திறந்தால் உள்ளே அறை இல்லை, ஒரு இருக்கை, இரண்டு முழங்கால், உள்ளங்கைகளில் மழைநீர் தேங்கி நிற்கிறது, அந்த நீர் ஒருபக்கமாகச் சாய்கிறது, அப்போதுதான் தெரிகிறது அறையே சாய்ந்துகொண்டிருக்கிறது என்று, ஓடிப்போய்ப் பிடிக்கலாம், ஆனால் யாரும் வச்சுக்கோ என்று சொல்லவில்லை, அந்த இடத்தில் விழித்துக்கொள்கிறேன், விழித்த பிறகும் கட்டில் சாய்கிறது.

அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு, காலை ஒன்பது மணி, வெயில் இன்னும் ஏறவில்லை, பயிற்சி என்னவென்றால் இன்ஜின் நின்றுபோனால் எப்படி இறங்குவது, இன்ஜினின் விசையைக் குறைத்துவிட்டு இடக்கை நெம்புகோலைக் கீழே அழுத்திவிட்டால் ஹெலிகாப்டர் விழும், விழும்போது கீழிருந்து வரும் காற்றே இறக்கையைச் சுழற்றும், அந்தச் சுழற்சியைச் சேர்த்துவைத்துத் தரைக்குச் சற்று மேலே செலவழித்து இறங்க வேண்டும், எங்க ஊரு காத்தாடி இருக்குல்லா, அது மாதிரிதான், இன்ஜினா சுத்துகு அத, காத்துதான, காத்து நம்மள விடாது மக்கா, என்று சொல்லிக்கொண்டே அவர் செய்துகாட்டுகிறார், நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆயிரத்து ஐந்நூறு அடி, ஆயிரம், எழுநூறு, அவர் பேசிக்கொண்டே வருகிறார், ஐந்நூறில் பேச்சு நின்றது, ஒரு வாக்கியத்தின் நடுவில், இப்ப மூக்கக் கொஞ்சம், என்று, அவ்வளவுதான், திரும்பிப் பார்த்தேன், அவருடைய கைகள் முழங்கால் மேல் மலர்ந்து இருந்தன.

கைகள் சொன்னதை வாய் சொல்லவில்லை, வச்சுக்கோ என்ற சொல் வரவில்லை, நான் கேட்கத் தவறிவிட்டேனா என்று நினைத்தேன், இல்லை, வரவில்லை, பரீட்சையா என்று நினைத்தேன், அவர் அப்படியெல்லாம் செய்வார், தராம எடுக்கியான்னு பாத்தேன் என்று சிரிப்பார், இப்போது சிரிப்பார், இதோ சிரிப்பார், மூக்கு மெல்ல வலப்பக்கம் சாயத் தொடங்கியது, பாறைகள் ஒவ்வொன்றும் தனித்தனி உருவம் பெறத் தொடங்கின, ஒரு பாறை மேல் காயப்போட்டிருந்த சேலையின் நிறம் தெரிந்தது, மஞ்சள், சிகப்புக் கரை, அவருடைய தலை நிமிர்ந்தே இருந்தது, கண் திறந்திருந்தது, ஆனால் அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஆளில்லாத வீடு, சார் என்றேன், சார் என்றேன், ஏழு நொடி, நான் எண்ணவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அதை ஆயிரம் தடவை எண்ணியிருக்கிறேன், ஏழு, ஏழு நொடி அந்த ஹெலிகாப்டர் யாருடையதாகவும் இல்லை, பிறகு என் கைகள் என்னைக் கேட்காமலே போய்ப் பிடித்தன, வாங்கிட்டேன் சார் என்று கத்தினேன், தராததை, விசையைக் கூட்டி, நெம்புகோலைத் தூக்கி, நிமிர்ந்தபோது நூற்றிருபது அடி, கீழே ஆடுகள் சிதறி ஓடின, மேலே ஏறத் தொடங்கிய பிறகுதான் பக்கத்தில் ஒரு மூச்சு, நீருக்குள்ளிருந்து வருகிறவரின் மூச்சு, ம், கொள்ளாம், நல்லா வாங்கின, என்றார், குரல் எங்கிருந்தோ வந்தது.

தரையிறங்கி இறக்கை நின்றபின்பும் அவர் எழுந்திருக்கவில்லை, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, நான் சொன்னேன்லா, என்றார், என்ன சார், வச்சுக்கோன்னு, சொன்னேன்லா, நீ கேட்டதான, அப்போதுதான் அவரைப் பார்த்தேன், பனிமலையில் எட்டு வருடம் பறந்தவரின் முகத்தில் அது, எனக்கு வரும் அதே பயம், நான் பயந்தால் அவர் தமிழுக்கு மாறுவார், அவர் பயந்தால் யார் எதற்கு மாறுவது, எனக்குத் தெரியவில்லை, கேட்டேன் சார், சொன்னீங்க, என்றேன், அவ்வளவுதான், ஒரு வாக்கியம், அவர் தோள் இறங்கியது, கன்னத்தில் ரத்தம் திரும்பி வந்தது, அன்று மதியம் என் பயிற்சிக் கோப்பில் தன் சாய்ந்த கையெழுத்தில், சொன்னதும் வாங்கிக்கொண்டாள், தயக்கமில்லை, என்று எழுதினார், கீழே நான் கையெழுத்துப் போட்டேன், உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே மருத்துவர் முன் உட்கார வைத்திருப்பார்கள், மறுபடி பறக்க விட்டிருக்கமாட்டார்கள், அவர் அதற்குத்தான் பயந்தார், நான் அவருடைய அந்தப் பயத்துக்குப் பயந்தேன், அதிலிருந்து பதினோராம் நாள் காலை, சவரம் செய்துகொண்டிருந்தவர் குளியலறையில் விழுந்தார், மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது, ஒன்பது மணிக்கு என்னோடு பறக்க வேண்டியவர், நான் தலைக்கவசத்தோடு இருக்கையில் உட்கார்ந்து காத்திருந்தேன், இடப்பக்கம் காலியாக இருந்தது.

பேருந்திலிருந்து இறங்கி நடந்தது நினைவில்லை, ரப்பர் மரங்களுக்கு நடுவே வீடு, ஜெபம் முடிந்திருக்கிறது, பந்தலில் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள், கூடத்தில் சுவரோரம் அவருடைய படம், தொப்பியோடு, அதில் கைகள் இல்லை, தோளோடு முடிந்துவிடுகிறது, அவர் மனைவி ஹெப்சிபா ஆன்ட்டி என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துகிறார், இரி மக்கா, சாயா குடிக்கியா, வேண்டாம் ஆன்ட்டி, மெலிஞ்சுட்ட, அங்க சோறு தாறானுவளா இல்ல பெட்ரோல் தாறானுவளா, அவிய சொல்லுவாவ, அந்தப் பிள்ள சாப்பிடுத நேரத்துல பொஸ்தகம் படிக்குன்னு, இருவரும் சிரிக்கிறோம், சிரிப்பு முடிந்ததும் அவர் என் பக்கத்தில் உட்காருகிறார், உங்கிட்ட ஒண்ணு கேக்கணும், என்கிறார், டாக்டர் சொன்னாரு, இது திடீர்னு வாறதில்லையாம், முன்னால ஒரு தடவ லேசாக் காட்டிட்டுப் போயிருக்குமாம், எனக்குத் தூக்கம் இல்ல மக்கா, ஏன்னா ஒரு நாளு சாயங்காலம் அவிய குவார்ட்டர்ஸுக்கு வந்து உக்காந்து, ஏ ஹெப்சி, இன்னைக்கு மேல வச்சு எனக்கு எங்கயோ போயிட்டு வந்த மாதிரி இருந்து, அந்தப் பிள்ளகிட்ட வச்சுக்கோன்னு சொன்னேனா இல்லியான்னு தெரியலன்னாவ, நான் அடிச்சுக்கிட்டேன், நாளைக்கே டாக்டர்ட்ட போவோம்னு, சட்டையப் பிடிச்சு இழுக்காத கொறதான், மறுநாள் காலையில என்ன சொன்னாவ தெரியுமா, போகாண்டாம், நான் சொன்னேன்னு அந்தப் பிள்ள நேத்தே சொல்லிட்டா, அவ கேட்டிருக்கா, அவ பொய் சொல்லமாட்டா, அப்போ எனக்கு ஒண்ணுமில்லன்னுட்டாவ, நானும் சரின்னு விட்டுட்டேன்.

வெளியே நாற்காலிகள் மோதும் ஓசை, டப், டப், அறை ஒருபக்கமாகச் சாய்கிறது, பிடிக்க எதுவும் இல்லை, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழே பார்க்கிறேன், எனக்கு இடப்பக்கத்தில், கட்டிலின் விளிம்பில், வெள்ளைச் சேலையின் இரண்டு முழங்கால்கள், அவற்றின் மேல் இரண்டு உள்ளங்கைகள், மலர்ந்து, வெறுமையாக, நடுங்கிக்கொண்டு, அவற்றில் தழும்பு இல்லை, பாத்திரம் கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை, சொன்னாவன்னா சொன்னாவன்னு சொல்லு, நான் ஒறங்குவேன், சொல்லலன்னா அதையும் சொல்லு, எனக்குத் தெரியணும், அங்க மேல உன்னையும் அவியளையும் தவிர வேற ஆளு இல்லல்லா, ஒன்று, இரண்டு, என்று எனக்குள் யாரோ எண்ணத் தொடங்குகிறார்கள், மஞ்சள் சேலை, சிகப்புக் கரை, மூன்று, நான்கு, வாயைத் திறக்கிறேன், அவர் என் முகத்தையே பார்க்கிறார், ஐந்து, சொல்லிரு மக்கா, பயப்படாண்டாம், சொல்லிரு