ஓர் அங்குலம் மூன்று நூல்

அக்காவின் நகக்கண்களில் ஏறியிருந்த கறுப்பு சோப்புக்கு மசியவில்லை. தங்கை ஒரு பழைய பல் பிரஷ்ஷை நனைத்து விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் ஈயப் பட்டியை வளைத்து வண்ணக் கண்ணாடிக்குக் கரை கட்டிய விரல்கள். இரண்டு மாதமாக ஒரு ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாமல் கிடந்தபோதும் அந்தக் கறுப்பு மட்டும் போகவில்லை.

"விடும்மா, போதும்" என்று தையல்காரம்மா இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

"இன்னும் மூணு விரல்தான்" என்றாள் தங்கை.

அக்கா போனது நேற்று சாயங்காலம். பதினோரு மணிக்கு வண்டி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கையில் ஒரு வேலை இருந்தால் யாரும் வந்து கட்டிப்பிடித்து அழ மாட்டார்கள் என்றுதான் தங்கை பிரஷ்ஷை எடுத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் அவளுடைய காது முழுக்க மாடிப்படியில் இருந்தது. ஒருத்தி வரவேண்டியிருந்தது. வந்தால் அந்த முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இந்த நாள் முடியக்கூடாது. கூடப் பிறந்தவள் செத்துக் கிடக்கும்போது இப்படியும் ஒரு ஆசையா என்று கேட்டால், ஆமாம், அப்படித்தான். அழுவதற்கு இனிமேல் எத்தனையோ நாள் இருக்கிறது.

கீழே சைக்கிள் கடை. மாடி முழுக்க வகுப்பறை, ஓரமாக இரண்டு பேர் படுக்க ஒரு அறை. அதனால் அக்காவை வகுப்பறையின் பெரிய மேசையிலேயே கிடத்தியிருந்தார்கள். சனிக்கிழமை தோறும் மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து கண்ணாடி அறுக்கும் மேசை. மாணவர்கள் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் இல்லை. எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பஸ் டிரைவர் ஏழு மாதமாக ஒரு பச்சைக் கிளியைச் செய்துகொண்டிருந்தார். தையல்காரம்மா படுக்கையறை விளக்குக்கு ஒரு கூடு. பல் டாக்டர் தன் வீட்டு வாசல் கதவுக்கு ஒரு சூரியகாந்தி. பல்லைப் பிடுங்கும்போது நடுங்காத கை கண்ணாடியைத் தொட்டதும் நடுங்குகிறதே என்று அக்கா அவரைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பாள்.

யார் யார் எதுவரைக்கும் வந்திருக்கிறார்கள் என்று சுவர்ப் பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது. வரைபடம், காகித அச்சு, அறுப்பு, ஈயம். கிளி இன்னும் அறுப்பிலேயே நின்றது. கடைசி வரி டிசைனருடையது. வீடுகளுக்கும் கடைகளுக்கும் உள் அலங்காரம் செய்கிறவள். வகுப்பில் சேர்ந்து இரண்டு வருடம். அவள் வரியில் எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. படுக்கையில் கிடந்தபடி அக்கா சொல்லச் சொல்ல அந்த டிக்குகளைப் போட்டவள் தங்கைதான். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

டிசைனர் செய்துகொண்டிருந்தது புது நூலகத்தின் வாசல் ஜன்னல். மழைக்கு முந்திய வானம். அதை வரைந்தது அக்கா. பத்து வருடத்துக்கு மேலாக அந்த வானத்தை அழித்து அழித்து வரைந்து, சுருட்டி அலமாரி மேல் போட்டிருந்தாள். அதைப் பார்க்கக் கேட்டு வாங்கிப் போனாள் டிசைனர். நாலு மாதம் கழித்துப் பேப்பரில் படம் வந்தது. நூலக ஜன்னலுக்குத் தேர்வான வரைபடம், பக்கத்தில் சிரித்துக்கொண்டு டிசைனர், கீழே அவளுடைய பேர் மட்டும்.

தங்கை பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்க, அக்கா பார்த்தாள். "படம் நல்லா வந்திருக்கு" என்றாள்.

"உனக்கு ரோஷமே கிடையாதாக்கா?"

"ஜன்னல் வந்தா சரி, பாப்பா. பேரைப் பாக்கவா ஜன்னல் கிட்ட போய் நிப்பாங்க?"

ஐம்பத்திரண்டு வயதுத் தங்கையைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

வெட்கமில்லாமல் அதற்கு அடுத்த வாரமே டிசைனர் மாடி ஏறி வந்தாள். கண்ணாடித் துண்டுகளை அறுக்க வரைபடத்திலிருந்து காகித அச்சு வெட்டித் தர வேண்டும், தன் ஆட்களுக்குத் தெரியாது என்றாள். அக்கா படுத்தபடி, "பாப்பா, வெட்டிக் கொடுத்துடு" என்றாள். தங்கைக்கு வயிறு எரிந்தது. சரி என்றாள்.

காகித அச்சு வெட்டுவதற்கென்று ஒரு கத்தரிக்கோல் உண்டு. அதற்கு மூன்று அலகு. கோட்டின் மேல் ஓட்டினால் நடுவிலிருந்து மெல்லிசாக ஒரு நாடா உரிந்து விழும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஈயம் உட்கார வேண்டிய இடம் அது, அரை நூல் கனம். சாதாரணக் கத்தரிக்கோலால் வெட்டினால் அந்த நாடா விழாது. ஒவ்வொரு துண்டும் பார்க்கச் சரியாகவே இருக்கும். ஈயத்தை வைத்துக் கோத்துக்கொண்டே போகப் போக ஜன்னல் பெருத்துக்கொண்டே போகும். தங்கை அன்றைக்கு அடுப்பங்கரையில் பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். குறுக்கே இருபத்திரண்டு கோடு. கோட்டுக்கு அரை நூல் என்றால் பதினொரு நூல். எட்டு நூல் ஓர் அங்குலம். அந்த வானம் அதன் சட்டத்துக்குள் போகவே போகாது. நூலகத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் சுற்றி நிற்க, டிசைனர் அதை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டும். நூற்று நாற்பது துண்டையும் வெட்டி, எண் போட்டு, உறையில் கட்டி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கொடுத்து அனுப்பினாள். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

பத்தரை மணிக்கு டிசைனர் வந்தாள். தலையை வாரியதாகத் தெரியவில்லை. கண் உள்ளே போயிருந்தது. அக்காவின் காலடியில் பூவை வைத்துவிட்டுப் பல் டாக்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். தங்கை பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். அக்காவுக்காக வந்த வாட்டமா, ஜன்னலுக்காக வந்த வாட்டமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பதினொன்று தாண்டியும் வண்டி வரக் காணோம். பஸ் டிரைவர் தொண்டையைச் செருமினார். சும்மா நிற்க அவருக்கு எப்போதுமே வராது.

"சின்ன டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா? இன்னைக்குச் சனிக்கிழமை. டீச்சர் வகுப்பை எப்படி ஆரம்பிப்பாங்களோ அப்படி ஒரு தடவை செஞ்சுட்டு அனுப்பலாமா?"

அக்காவின் வகுப்பு எப்போதும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். வேலையைக் காட்டுவதற்கு முன்னால், அந்த வாரம் செய்த தப்பை ஒவ்வொருவரும் வாய் திறந்து சொல்ல வேண்டும். யாரும் சிரிக்கக்கூடாது, சாக்குச் சொல்லக்கூடாது.

தங்கை தலையை ஆட்டினாள். டிரைவர் மேசை அருகே வந்தார்.

"டீச்சர், கிளி மூக்கு நாலாவது தடவையும் உடைஞ்சுபோச்சு. கண்ணாடி மட்டமான கண்ணாடின்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. அறுக்கும்போது எண்ணெய் தொட மறந்துட்டேன்."

தையல்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஈயத்தைப் பத்தவைக்கும்போது போன் பேசினேன். விளக்குக்கூட்டுல ஒரு பக்கம் ஓட்டை."

பல் டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "மஞ்சள் கண்ணாடி ஒரு துண்டு கேக்காம எடுத்துட்டுப் போயிட்டேன். நாளைக்குத் தரேன்" என்றவர், யாரிடம் தருவது என்று யோசித்து அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

டிசைனர் முன்னால் வந்தாள்.

"ஒவ்வொரு வரிசையையும் அடியில இருக்கற வரைபடத்துக் கோட்டோட ஒத்துப் பாக்கணும்னு சொல்லிக் கொடுத்தீங்க. நான் பாக்கல. ஒரு மூலையில ஆரம்பிச்சு மடமடன்னு கோத்துட்டேன். முடிச்சு அளந்தா ஓர் அங்குலம் மூணு நூல் அதிகம். சட்டத்துக்குள்ள போகல. வர்ற வியாழக்கிழமை திறப்பு விழா."

கணக்கு ஒரு நூல்கூடப் பிசகவில்லை. தங்கைக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இவ்வளவு நாளும் எதற்காகக் காத்திருந்தாளோ அது கையில் வந்து விழுந்திருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பழம் கைக்கு வந்தபின் உரித்துத் தின்னாமல் விட அவளால் முடியவில்லை.

"அவ்வளவுதானா உங்க தப்பு?" என்றாள்.

டிசைனர் திரும்பிப் பார்த்தாள்.

"பேப்பர்ல வந்துச்சே, அந்தப் படம் யாரு வரைஞ்சது? அதையும் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். டிசைனர் மேசைப் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர் வரைஞ்சது" என்றாள். "என் பேரைப் போட்டுக்கிட்டேன்."

தையல்காரம்மா வாயில் கை வைத்தாள். டிரைவர் டிசைனரை விட்டு ஓரடி நகர்ந்து நின்றார். தங்கைக்கு இப்போதுதான் மூச்சு முழுசாக வந்தது.

டிசைனர் நிறுத்தவில்லை. "புதன்கிழமை இங்க வந்து ரெண்டையும் டீச்சர்கிட்ட சொன்னேன். நீங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தீங்க. காகித அச்சுல பக்கத்துப் பக்கத்துத் துண்டு ரெண்டை எடுத்துக் காட்டச் சொன்னாங்க. வரைபடம் மேல வெச்சேன், நடுவுல இடமே விழல. ரொம்ப நேரம் பாத்தாங்க. படத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல. 'அச்சு தப்பாப் போனதுக்கு நீ காரணம் இல்ல. நான்தான் வெட்டினேன். அவசரத்துல சாதாக் கத்தரிக்கோலை எடுத்துட்டேன்'னு சொன்னாங்க."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். குத்திக்காட்டிச் சொன்னாளா, கேட்டதைக் கேட்டபடி சொன்னாளா என்று தங்கையால் சத்தியமாகச் சொல்ல முடியாது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு மாதமாக அந்தக் கை ஒரு ஸ்பூனைப் பிடித்ததில்லை என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். தையல்காரம்மா கஞ்சி ஊட்டியிருக்கிறாள். டிரைவர் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வகுப்பில் காகித அச்சு வெட்டுவது யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் தங்கைக்கு ஞாபகம் வந்தது. மருந்தைக் கரைத்துக்கொண்டிருந்தாள். அக்கா சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு, "பாப்பா, கத்தரிக்கோல் எங்க இருக்கு?" என்று கேட்டாள். "எந்தக் கத்தரிக்கோல்?" என்று கேட்டாள் இவள். அக்கா திரும்பி இவளைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. அதற்கப்புறம் இவள் கையால் கொடுத்த எதையும் விழுங்கவில்லை. தையல்காரம்மா கொடுத்தால் இரண்டு வாய் குடித்தாள். தொண்டை வலி என்றும், மருந்து மயக்கம் என்றும் தங்கை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இப்போது அவளுக்கு அக்காவின் மேல்தான் ஆத்திரம் பொங்கியது. ஊருக்கெல்லாம் தப்பைச் சொல்ல வைப்பாயே, என்னிடம் கேட்டாயா? ஒரு அறை விட்டிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். எனக்காகப் பொய் சொல்லிவிட்டு என்னோடு பேசாமல் போய்விட்டாயே. மேசையில் அக்காவின் கை சுத்தமாக, சின்னதாகக் கிடந்தது. டிசைனர் மேலிருந்த கோபமும் குறைந்துவிடவில்லை. எதற்காகக் குறைய வேண்டும் என்றும் தங்கைக்குத் தெரியவில்லை.

"சின்ன டீச்சர், இப்ப நீங்க…" என்று வகுப்புப் பழக்கத்தில் ஆரம்பித்த டிரைவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தங்கை வாயைத் திறந்தாள். தொண்டை வரைக்கும் வந்தது. தெருவில் ஹார்ன் சத்தம் கேட்டது.

"வண்டி வந்துடுச்சு" என்றாள்.

படிக்கட்டு குறுகல். நடுவில் ஒரு திருப்பம். நான்கு பேருக்கு மேல் பிடிக்க முடியாது. முன்னால் டிரைவரும் பல் டாக்டரும் பிடித்தார்கள். தையல்காரம்மாவுக்கு முட்டி வலி. பின்னால் இடது பக்கம் தங்கை, வலது பக்கம் டிசைனர். வேறு ஆள் இல்லை. இருவரும் குனிந்து ஸ்ட்ரெச்சரின் இரும்புக் கம்பியைப் பிடித்தார்கள்.

திருப்பத்தில் இடித்தது. டிரைவர் பஸ்ஸை ஒடிப்பதுபோலக் கீழிருந்து குரல் கொடுத்தார். "பின்னால இருக்கறவங்க வலது பக்கமாத் தள்ளுங்க. நல்லாத் தள்ளுங்க."

வலது பக்கம் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் டிசைனரின் விரல்கள் இருந்தன. ஈயம் வளைத்து அவள் நகத்திலும் கறுப்பு ஏறியிருந்தது. அவள் கையை எடுத்தால் அக்கா சரிவாள். எடுக்கவில்லை. தங்கை அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னாச்சு? தள்ளுங்க" என்றார் டிரைவர்.

தங்கை கம்பியைத் தன் பக்கம் இழுத்தாள். அவளுடைய விரல்முட்டிகள் இடதுபுறச் சுவரில் அழுந்தி உரசிக்கொண்டே வந்தன. சுண்ணாம்பு உதிர்ந்து படியில் விழுந்தது. கீழே போய்ச் சேரும்வரை அவள் கையை மாற்றிப் பிடிக்கவில்லை.