நான்கு படிகளையும் காணவில்லை

அம்பத்தூர் ஏரியை ஒட்டி எங்கள் அடுக்குமாடி எழும்பியது எண்பத்து மூன்றில். தரைத்தளத்தில் கங்காதரன், முதல் மாடியில் நான், இரண்டாம் மாடியில் கஜபதி. மற்ற மூன்று சொந்தக்காரர்களும் வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூர் போனவர்கள். ஆகவே சங்கச் செயலாளர் நான்தான். போட்டியே இல்லை.

அப்போது கங்காதரன் வாசலுக்கு நான்கு படி ஏற வேண்டும். தபால்காரர் வீரராகவன் ஜன்னலில் கடிதம் கொடுக்க எக்கி நிற்பார். எண்பத்தாறில் மூன்று படி. எண்பத்தெட்டில் இரண்டு. தொண்ணூற்றொன்றில் ஒன்றுதான் மிச்சம். வீரராகவன் குனிந்து, கடிதத்தைக் கங்காதரன் தலைமேல் வைத்துவிட்டுப் போனார். நானே பார்த்தேன்.

நடுவில் மூன்று தடவை ரோடு போட்டார்கள்தான். பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். ஆனால் ரோடு போட்டால் நாம் சந்தோஷப்படுவோமே தவிர சந்தேகப்பட மாட்டோம். ஒருநாள் பொழுது போகாமல், ஏரி மண்ணாச்சே, கட்டடம் இறங்குகிறது போல என்று கங்காதரனிடம் சொல்லி வைத்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

அவர் கண் நேராகக் கஜபதியின் லேத்து மேல், அதாவது இரும்பு கடையும் இயந்திரத்தின் மேல், போய் விழுந்தது. கஜபதி பக்கத்து ஊரான பாடியில் ஒரு கம்பெனியில் டர்னராக இருந்தவர். கம்பெனியைப் பூட்டியதும் ஒரு பழைய லேத்தை வாங்கி, செயின் பிளாக் போட்டு பால்கனி வழியாக ஏற்றி, முன்னறையில் புஷ்ஷும் ஷாஃப்டும் கடைந்து குடும்பம் நடத்தினார். அரை டன் இரும்பு. அது ஓடும்போதெல்லாம் கங்காதரன் தரையில் காது வைத்துப் படுப்பார். ஒரு நூல் அளவு இறங்கிவிட்டது என்று எழுந்து சுவரில் சாக்பீஸால் கோடு போடுவார்.

கடைசியில் வெளியூர்க்காரர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கிவிட்டார், லேத்து வெளியேற வேண்டும் என்று. ஷெட் பிடிக்கக் கஜபதிக்கு வழியில்லை. லேத்து போனால் அடுப்பு எரியாது என்று அவர் மனைவி புஷ்பா என்னிடம் வந்து அழுதாள். செயலாளர் என்ற முறையில் ஒரு யோசனை சொன்னேன்: லேத்தை ஒரு வாரம் ரோட்டில் வைப்போம். கட்டடம் மேலே வந்தால் லேத்து குற்றவாளி. இல்லாவிட்டால் திரும்ப ஏறட்டும். கங்காதரனும் கஜபதியும் ஒப்புக்கொண்டார்கள்; லேத்து ஏறிய பால்கனி வழியாகவே ரோட்டில் இறங்கியது.

அந்த வியாழக்கிழமை ரோடு போட வருவார்கள் என்று எனக்கு முன்பே தெரியுமா என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். செயலாளருக்குப் பல தகவல் வரும்.

கான்ட்ராக்டர் ஆட்கள் தள்ளிப் பார்த்தார்கள். லேத்து அசையவில்லை. அதைச் சுற்றித் தார் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தூக்கினோம். அடியில் அரையடிப் பள்ளம். பள்ளத்துக்குள் பழைய ரோடு, வெடிப்போடு அப்படியே கிடந்தது. கங்காதரனின் கடைசிப் படியையும் காணோம்.

"இப்பத் தெர்தா அண்ணாத்தே? ஊடு எறங்கல. ரோடுதான் ஏறிகினே வந்துகீது" என்றார் கஜபதி.

கங்காதரன் பள்ளத்தைச் சுற்றி வந்தார். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஒரே வாரத்துல ரோட்டையே அரையடி அமுக்கிக்கீது. இத்தினி வருசமா எங்க தலமேல குந்திகினு இன்னா பண்ணியிருக்கும்?"

கஜபதி தலையில் அடித்துக்கொண்டார். புஷ்பா முன்னால் வந்தாள்.

"அவ்ளோ பயமா இருந்தா எங்க ஊட்ட நீங்க எடுத்துக்குங்க. உங்க ஊட்ட எங்களுக்குக் குடுங்க. லேத்து தரையிலயே கெடக்கட்டும்."

இதில் என்ன சூது என்று கங்காதரன் மூன்று நாள் யோசித்தார். தன் வீட்டில் புதையல் இருக்குமோ என்று சமையலறை மூலையைத் தோண்டினார். ஒன்றுமே கிடைக்காதது அவருடைய சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. ஆனாலும் பயம் ஜெயித்தது. வீடு மாற்றிப் பத்திரம் பதிந்தார்கள்.

கஜபதி நான்கு குழாய்களை அடியில் போட்டு, லேத்தை ரோட்டிலிருந்து நேரே முன்னறைக்கு உருட்டிக்கொண்டு போனார். ஏற ஒரு படிகூட இல்லை. அன்று சாயங்காலமே ஓடியது.

கங்காதரன் இரண்டாம் மாடியில் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினார். எட்டாம் நாள் என் வீட்டுக்கு இறங்கி வந்து, இப்போது தன் தலைக்கு மேலே இருக்கும் மொட்டை மாடித் தொட்டி எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டார்.

தண்ணீரோடா, தண்ணீர் இல்லாமலா என்று கேட்டேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.