கம்பி திரும்பிய இடம்

தையல்கார அக்காவுக்கு நீரோட்டம் பார்க்கும் ஆசை வந்தது தங்கையால்தான். தங்கை வீட்டுக்குப் பின்னால் சலவைக் கூடம். விடுதிகளின் விரிப்புகளும் ஆஸ்பத்திரித் திரைச்சீலைகளும் அங்கே மலையாக வந்து குவியும். கிணறு வற்றி இரண்டு மாதமாயிற்று. டேங்கர்காரன் மனசு வைத்தால் வருவான், வைக்காவிட்டால் போனையே எடுக்கமாட்டான். அழுக்குத் துணி மட்டும் தவறாமல் வந்தது.

"இந்த மாசத்துக்குள்ள தண்ணி கிடைக்கலைன்னா கூடத்தை மூடிட்டு வேற ஊர் பார்க்க வேண்டியதுதான்க்கா" என்றாள் தங்கை. அக்காவுக்கென்று கூடப் பிறந்தது ஒன்றே ஒன்று. அதுவும் போய்விட்டால் பேச்சுத்துணைக்குத் தையல் மிஷின்தான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துத்தான் இரும்புக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் நீரோட்டம் பார்க்கக் கற்றுக்கொடுப்பதாகக் கேள்விப்பட்டாள். அவளைவிடப் பத்து வயது இளையவர், பேச்சு மட்டும் நூறு வயதுக்கு இருக்கும். கடையின் பின்புறம் மணலைக் கொட்டிப் பரப்பி, உள்ளே ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் ஒரு தண்ணீர்க் கேனைப் புதைத்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். படிக்க வந்தவர்கள் 'ட' போல வளைத்த செம்புக் கம்பிகளைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மணல்மேல் நடக்க வேண்டும். கேனுக்கு மேலே வந்ததும் இரண்டு கம்பியும் தானாகத் திரும்பிக் குறுக்கே விழ வேண்டும்.

ஓய்வுபெற்ற பேங்க்காரருக்குக் கம்பி அசையவே இல்லை. பேக்கரிக்காரருக்கு நின்ற இடத்திலெல்லாம் சுழன்றது. அக்காவுக்கோ பன்னிரண்டு முறை நடந்ததில் பதினோரு முறை கேனுக்கு நேர் மேலே விழுந்தது. கடைக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"உங்க கை ராசியான கைக்கா. இதுக்கு மேல சொல்லித்தர எங்கிட்ட சரக்கு இல்ல" என்றார்.

இத்தனை வருஷம் அடுத்தவர் உடம்பை அளந்தே பொழுது போன மனுஷி. அன்று வீடு திரும்பும்போது அவள் கால் தரையில் பாவவில்லை.

தங்கை வீட்டுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வந்தது ஒரு புதன்கிழமை காலை. கையிலிருந்த பணத்துக்கு இரண்டு குழிக்குத்தான் பேச்சு, மூன்றாவதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. அக்கா கம்பிகளோடு கொல்லையைச் சுற்றி வந்தாள். துணி காயப்போடும் கொடிக்குக் கீழே ஒன்றுமில்லை, பழைய கிணற்றோரமும் ஒன்றுமில்லை. கொதிகலன் கொட்டகையை நெருங்கியபோது கம்பிகள் சட்டென்று திரும்பின. அங்கே நின்றிருந்த தங்கை வீட்டுக்காரர் கைகூப்பிவிட்டார். "நானும் இங்கதான் இருக்கணும்னு நினைச்சேன்க்கா. குழாய் போடவும் வசதி."

எழுநூறு அடி இறங்கியது. வெள்ளைப் பொடி பறந்து கொடி, கூரை, எல்லார் தலை என்று படிந்தது. பொடியில் பேருக்குக்கூட ஈரமில்லை. வண்டிக்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைக் குடைந்தார். எத்தனையோ கொல்லையைப் பார்த்த ஆள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கம்பி பிடிக்கிறவங்க எல்லாம் தரையப் பார்த்து நடப்பாங்க. நீங்க மனுஷங்க மூஞ்சியப் பார்த்துல்ல நடக்குறீங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. கடைக்காரருக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் தொடையை ஆட்டும் பழக்கம் உண்டு. கேன் இருக்கும் இடத்தை அவள் நெருங்கும்போதெல்லாம் அந்தத் தொடை நின்றுவிடும். அது நிற்பதாக அவருக்கும் தெரியாது, பார்ப்பதாக அவளுக்கும் தெரியாது. வாடிக்கையாளர் வாய் திறக்குமுன்பே இடுப்பில் பிடிக்கிறதா, தோளில் இறங்குகிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகிய கண் அது. வகுப்பில் அவள் கற்றது தண்ணீரை அல்ல, கடைக்காரரை. இங்கே காலையில் கம்பி விழுந்ததும் தங்கை வீட்டுக்காரரின் ஆசைமேல்தான். அவமானத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

"இன்னொரு தடவை பாருக்கா" என்றாள் தங்கை.

அக்கா இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். கல் தடுக்கியது, கொடிக்கயிறு கழுத்தில் உரசியது. கொல்லை முழுக்க நடந்தும் கம்பிகள் செத்துக் கிடந்தன. எங்கே நிற்கிறோம் என்று பார்க்கக் கண்ணைத் திறந்தாள். எதிரே, துவைக்கும் கல்லின் பக்கத்தில், தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். மூச்சுகூட விடவில்லை. அக்கா கைகளை இறுக்கினாள், முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள். அதற்குள் கம்பிகள் அவள் பேச்சைக் கேட்காமல் தங்கையைப் பார்த்துத் திரும்பிக் குறுக்கே விழுந்தன.

"இல்லடி, இது தண்ணி இல்ல. நீ நிக்கிறதைப் பார்த்துத் திரும்புது. எனக்கு ஒண்ணும் தெரியாதுடி, சத்தியமா தெரியாது."

"உனக்குத் தெரியலைன்னா என்னக்கா, கம்பிக்குத் தெரியுதுல்ல" என்றாள் தங்கை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. குனிந்து ஒரு செங்கல்லை எடுத்து, தன் கால் இருந்த இடத்திலேயே அடையாளத்துக்கு வைத்தாள்.

வண்டிக்காரர் அக்காவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்றுதான். தங்கை வீட்டுக்காரர் அதற்குள் வண்டிக்கு வழிகாட்டிக் கையசைத்துக்கொண்டிருந்தார், வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது.