சாம்பல் செவ்வரத்தை

மூடியைத் திறக்க வேண்டாம் என்று பிறிஜெற் கையை நீட்டுவதற்குள், அந்தப் பொலிஸ்காரர் பிலிம் றோல் டப்பியைத் திறந்து மேசையில் தட்டிவிட்டார். மஞ்சள் தூள் கொஞ்சம் பைல் ஒன்றின் மேல் கொட்டியது.

"மே மொகத?" என்றார். இது என்ன என்று நாள் முழுக்கக் கேட்டு அலுத்த குரல்.

"மல் றேணு, மாத்தயா. பூவின்ரை தூள்."

அவர் டப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவள் கணவர் கிளறன்சும் இதையேதான் சொன்னாராம். செக்பொயின்ரில் அவர் திரும்பி வந்த பஸ்ஸை மறித்தபோது சட்டைப் பையில் மஞ்சள் தூள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். வெடிமருந்தோ என்று பெரிய அதிகாரி வந்து பார்க்கும்வரை வாங்கில் இருக்கச் சொன்னார்களாம். ஒருவரும் கை வைக்கவில்லை என்று பொலிஸ்காரர் இரண்டு தரம் சொன்னார். தண்ணீர் கேட்டபோது கொடுத்தார்களாம். பதினொரு மணிபோல நெஞ்சைப் பிடித்தபடி சரிந்துவிட்டாராம். பிரேதம் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, நாளைக்குத்தான் தருவார்கள்.

பிறிஜெற் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டரை.

இந்த டப்பியை யார் கொடுத்தது என்று அவர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

"நான்" என்றாள்.

போன மாதம் வேறொரு பூவுக்காகத் தெஹிவளையில் செவ்வரத்தை வளர்க்கும் ஹமீமா கொடுத்த தூளைக் கடதாசியில் மடித்துக்கொண்டு வந்து, வேர்வையில் குழைத்துவிட்டிருந்தார் கிளறன்ஸ். அப்போதுதான் அவள் இந்த டப்பியைக் கழுவிக் காயவைத்தாள்.

"மாப்பிள்ளையை இப்பிடியே நனைச்சுக் கூட்டிக்கொண்டு வாறது? மூடி உள்ள ஒண்டில கொண்டு வாங்கோ" என்று தூளைக் காட்டிச் சொன்னாள்.

இன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் முதல் ரயிலுக்கு ஓடினார். மொட்டைமாடியில், பெயின்ற் வாளியில், அவர் விதையிலிருந்து எடுத்த செடி மூன்று வருடத்துக்குப் பிறகு விடியத்தான் பூத்திருந்தது. சாம்பல் நிறம், நடுவில் ஊதா. துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த காலம் தொட்டுச் செவ்வரத்தைகளை இனம் கலந்து பார்த்தவர் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஆனால் அடித்தண்டு அழுகிக்கொண்டு வந்தது. ஒட்டு வைத்த மூன்றும் கருகிப்போயின. இருந்தது அந்த ஒரு பூ. ஹமீமா வீட்டு வெள்ளைச் செவ்வரத்தையின் தூளை வைத்தால் காய் பிடித்து விதை கிடைக்கும் என்று நம்பினார். செவ்வரத்தை பொழுதுபட்டால் சுருங்கிவிடும்.

டப்பியைத் தரச் சொல்லிக் கேட்டாள். பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார் அவர். அவள் எழும்பவில்லை. நாளைக்குத் தந்து பிரயோசனமில்லை, பூ இன்றைக்கு மட்டும்தான் என்று தன்னுடைய சிங்களத்தில் சொல்லி முடித்தாள். அவர் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு கடதாசித் துண்டால் பைலின் மேலிருந்த தூளை வழித்து டப்பிக்குள் போட்டு, மூடி, அவள் பக்கம் தள்ளினார். கையெழுத்து வாங்கிய பட்டியலில் மூக்குக்கண்ணாடி இருந்தது, சீசன் ரிக்கற் இருந்தது, டப்பியை எழுதவில்லை.

ஆட்டோவில் பக்கத்து வீட்டு நேசமலர் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒருக்கா அழுங்கோ. இப்பிடி இருந்தா உங்களுக்கு ஏதும் ஆகிப்போகும்."

"மூண்டரைக்குள்ள போயிடலாமோ?"

நேசமலர் கையை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

வீட்டில் கதிரைகள் வந்துவிட்டன. பெண்கள் செபமாலையில் இருந்தார்கள். பிரேதத்துக்கு எந்தக் கோட் போடுவது என்று ஒருவர் கேட்டார். வானொலி மரண அறிவித்தலுக்கு வயது கேட்டார் இன்னொருவர். பிறிஜெற் எல்லாரையும் விலக்கிக்கொண்டு படியேறினாள்.

பூவின் ஓரங்கள் சுருளத் தொடங்கியிருந்தன. கிளறன்ஸ் தூள் வைக்கும்போது வெயில் படாமல் குடை பிடிப்பதுதான் இவ்வளவு நாளும் அவள் வேலை. நடுத்தண்டின் நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள். விரலில் தூளைத் தொட்டு ஒவ்வொன்றாக ஒற்றினாள். மூன்றாவதில் தூள் தவறி இதழில் விழுந்தது. மறுபடி தொட்டாள்.

நேசமலர் மேலே வந்தாள். "அக்கா, சுவாமியார் வந்திருக்கிறார்."

"இருக்கச் சொல்லும். காத்து அடிக்குது."

துறைமுகப் பக்கமிருந்து காற்று ஏறிக்கொண்டிருந்தது. பிறிஜெற் இரண்டு கையையும் பூவைச் சுற்றிக் குவித்தாள். கீழே செபமாலை இரண்டாம் தரம் தொடங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.