பதினேழாம் கல்லின் நிழல்

அது எண்பத்து மூன்றா, எண்பத்து நான்கா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த வருடம் நல்ல மழை என்கிறார்கள் சிலர்; குடிக்கவே தண்ணீர் இல்லை என்கிறார்கள் அதே தெருவில் வேறு சிலர். ஆனால் எருமைப்பள்ளத்துக் காடு முதல் தடவையாகப் பன்னிரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக்கருத்து கிடையாது. அன்று பென்னாகரத்தில் சந்தை. ஆட்டு விலை இறங்கியிருந்தது.

அதை முதலில் கண்டவர் வனத்துறை வாட்சர் அருள்நாதன். கண்டவர் என்பதைவிட முதுகில் உணர்ந்தவர் என்பது சரி. காப்புக்காட்டின் விளிம்பில் வெள்ளையடித்த எல்லைக்கற்கள் இருபத்திரண்டு இருந்தன. பதினேழாம் கல் ஒரு நாவல் மரத்தின் அடியில் இருந்தது. பதினோரு வருடமாக அவர் அதில் சாய்ந்துதான் மதியச் சோறு தின்பார். கூட யாரும் இருக்கமாட்டார்கள். இருந்தாலும் அவர் பேசமாட்டார். “எங்க வூட்ல ரேடியோ ஒண்ணு, மனுசன் ஒண்ணு. ரெண்டுலயும் பேட்டரி இல்ல” என்று அவர் மனைவி ராஜமேரி குழாயடியில் சொல்வாள். அந்தச் செவ்வாய்க்கிழமை கல் சுட்டது. திரும்பிப் பார்த்தார். நாவல் மரம் பன்னிரண்டு அடி தள்ளி நின்றது, அதே காக்கைக் கூட்டோடு, கூட்டில் அதே காக்கையோடு. அதன் பின்னால் இருந்த மரங்களும் புதர்களும் புற்றுகளும் அதே பன்னிரண்டு அடி போயிருந்தன. மரம் நின்ற இடத்தில் குழி இல்லை. சாணி தெளித்துக் கூட்டிய வாசல்போல மண் சமமாக இருந்தது. அருள்நாதன் சோற்றைத் தின்று முடித்தார். பிறகு தினக்குறிப்பில் “17ஆம் கல்: நிழல் இல்லை” என்று எழுதினார். அதைப் படிக்க அலுவலகத்தில் ஆள் இருந்ததில்லை.

அன்று காலையில் நடந்த இன்னொன்றை அவர் எழுதவில்லை. எருமைப்பள்ளத்துச் சனம் தை, மாசியில் கடுக்காய் பொறுக்கிப் பிழைக்கிற சனம். பழுத்து உதிர்கிற காயைப் பொறுக்குவதுதான் பழைய வழக்கம். நாம் விட்டுவைத்தால் அடுத்த தெருக்காரி எடுத்துவிடுவாள் என்ற எண்ணம் எப்படியோ ஊருக்குள் வந்துவிட்டது. முதலில் கொம்பால் அடித்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் முதல் ஆளாக ராஜமேரி மரமேறி, காயோடு கிளையையே அரிவாளால் இறக்கினாள். பச்சைக்காயும் காய்ந்தால் கருத்துவிடும். பென்னாகரத்தில் கடுக்காய் மண்டி வைத்திருந்த சுல்தானா வித்தியாசம் தெரிந்தும் தெரியாததுபோல எடை போட்டு, தோல் பதனிடும் ஊர்களுக்கு லாரியில் அனுப்பினாள். அருள்நாதன் மனைவி மரத்தில் இருந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த கல்லை எண்ணப் போனார்.

பிறகு காடு மாதத்துக்கு ஒருமுறை நகர்ந்தது, பிறகு வாரத்துக்கு ஒருமுறை. எண்பத்தைந்தின் ஆடிக்குள் ஊருக்கும் முதல் மரத்துக்கும் நடுவில் இரண்டு மைல் வெட்டவெளி விழுந்திருந்தது. மேற்கே இருந்த மற்றக் காடுகள், நெரிசலான பஸ்ஸில் சனம் ஒதுங்கி இடம் விடுவதுபோல நெருக்கிக்கொண்டு இதற்கு வழி விட்டன. விடிவதற்குள் கிளம்பினால்தான் பெண்கள் பொழுதோடு திரும்ப முடிந்தது. ஆண்கள் கூடிப் பேசி, நூறு பாக நீளத்துக்குத் தேங்காய்நார்க் கயிறு வாங்கி, முன்வரிசை மரங்களை ஒன்றோடொன்று கட்டி, கயிற்று நுனியைப் பக்கத்துப் பாறையில் முடிந்தார்கள். மறுநாள் முடிச்சுகள் எல்லாம் அவிழாமல் அப்படியே இருந்தன. உள்ளே மரங்கள் இல்லை. ஊர் வேதக்கார ஊர் என்பதால் அடுத்து அந்தோணியாருக்கு நவநாள் வைக்கலாம் என்றார்கள். “காணாமப்போன சாமானத்தத்தான் அந்தோணியார் கண்டுபுடிச்சுத் தருவாரு. இது எங்க நிக்குதுன்னுதான் எல்லாருக்கும் தெரியுதே, அவருக்கு என்னா வேல?” என்று ராஜமேரி கேட்டாள்.  ஆனாலும் ஒன்பது நாளும் மெழுகுவத்தி எரிந்தது.

அந்த வருடக் கடைசியில் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர், செருப்பை வெளியே விட்டுத்தான் வீடுகளுக்குள் வருவார். எருமைப்பள்ளத்துக் காட்டை உயிர்க்கோளக் காப்பகமாக நடத்திப் பார்க்கப் போவதாகச் சொல்லி ஒரு வரைபடத்தைக் கோயில் மேசையில் விரித்தார். நடுவில் சிவப்பு வட்டம். அங்கே யாரும் போகக்கூடாது. அதைச் சுற்றி மஞ்சள்; அங்கே அளப்பதும் படிப்பதும் மட்டும். வெளியே பச்சை, அங்கே சனம் அளவாக எடுத்துப் பிழைக்கலாம், காடும் பிழைக்கும். ஊரார் கேட்டுக்கொண்டார்கள். பிறகு வரைபடத்தோடு வெளியே போனவர் பதினேழாம் கல்லருகே நின்று, மூன்று வட்டமும் விழவேண்டிய இடத்தில் நான்கு மாடுகள் மேய்வதைப் பார்த்தார். அன்றைக்கே அருள்நாதனுக்கு மெமோ வந்தது: உமது பொறுப்பில் இருந்த காடு உரிய இடத்தில் காணப்படவில்லை, காவேரிக் கரையை அடையுமுன் அது மீட்கப்படாவிட்டால் வேலை நீக்கம். கூடவே, இனி யாரும் காட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று தண்டோராவும் போட்டார்கள்.

தடைதான் விஷயத்தைக் கெடுத்தது. திருட்டுத்தனமாகப் போனவர்களுக்குப் பொறுக்க நேரமில்லை. பெரிய கிளைகளாக வெட்டி இழுத்துக்கொண்டு ஓடினார்கள். காடு ஒரு நாளைக்கு அரை மைல் போயிற்று. தைப் பொங்கல் முடிந்து இரண்டு வாரத்தில் காவேரிக் கரைக்குப் போய், முன்வரிசை மரங்களின் வேர் தண்ணீரில் நனைய நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகம். பரிசல் ஓட்டும் கிருஷ்ணப்பன் சைக்கிளில் வந்து அருள்நாதனிடம் சொன்னான்.

“வாட்சரே, மூணு மரம் தாண்டிருச்சுங்க. எங்க மாமியார் வூட்டாளுங்க அந்தக் கரையில நின்னு கன்னடத்துல ‘பன்னி, பன்னி’ன்னு, வாங்க வாங்கன்னு கூப்புடறாங்க. தண்ணி இன்னும் கொஞ்சம் கொறஞ்சா மொத்தமும் எறங்கிரும்.”

“எப்படித் தாண்டுச்சு?”

“பரிசல்ல இல்லீங்க” என்றான் கிருஷ்ணப்பன். “கேட்டா நான் ஏத்தியிருப்பேன். அது கேக்கல.”

அருள்நாதன் தன் தினக்குறிப்புகளை எடுத்து முதலிலிருந்து படித்தார். எழுதிய பிறகு அவற்றைப் படித்த முதல் மனிதர் அவர்தான். தினமும் எத்தனை அடி என்று குறித்திருந்தார். இரண்டு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் காடு நகரவில்லை. வெள்ளிக்கிழமையும் நகரவில்லை. ஞாயிறன்று ஊரே பூசைக்குப் போகும். வெள்ளியன்று சுல்தானா தராசைத் துணியால் மூடிவிடுவாள். எடை போட ஆளில்லை என்பதால் யாரும் வெட்டப் போவதில்லை. அவர் ஆற்றங்கரைக்குப் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உதிர்ந்து கிடந்த கடுக்காயை ஒரு கூடை நிறையப் பொறுக்கினார். திங்கள் விடிகிறவரை அங்கேயே உட்கார்ந்து பார்த்தார். காடு அசையவில்லை. எடுப்பதில் அதற்கு வருத்தமில்லை, வெட்டுவதில்தான் என்பது அப்போது தெரிந்தது. அவர் இதயம் பள்ளிக்கூட மணிபோல அடித்தது என்று பிற்பாடு ராஜமேரியிடம் சொல்லியிருக்கிறார். அவர் தன் இதயத்தைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை மண்டிக்குப் போனார். மூடிய தராசுக்குப் பக்கத்தில் சுல்தானா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பச்சைக்காய வாங்காதீங்க.”

“அடேங்கப்பா, வாட்சருக்கு வாய் வந்துருச்சு” என்றாள் சுல்தானா. “நான் வாங்கலைன்னா பாப்பாரப்பட்டியில வாங்குவான். அப்புறம் நான் இங்க ஒக்காந்து ஈ ஓட்டறதா?”

“காடு ஆத்தத் தாண்டிட்டா பாப்பாரப்பட்டிக்காரனும் ஈதான் ஓட்டணும்.”

அவள் பாக்கை வாயில் போட்டு நெடுநேரம் மென்றாள். “எத்தன நாளைக்கு?”

“தவக்காலம் நாப்பது நாளைக்கு.”

“எங்க நோம்பு முப்பதுதான். உங்களது பத்து ஜாஸ்தி. போவட்டும், பாப்பாரப்பட்டிக்காரன வேணும்னா நான் பாத்துக்கறேன். ஆனா வெட்டறவளுங்க கையில அருவா இருக்கே. அதுல மொத அருவா உங்க வூட்டு அருவா. அத எப்படிப் பேசுவீங்க?”

ஞாயிறு பூசை முடிந்ததும் அருள்நாதன் எழுந்து நின்றார். சாமியார் ஆசீர் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றுவிட்டார். அவரும் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

“மொதக் கெளை எங்க வூட்டு அருவாள்ல விழுந்துச்சு” என்றார் அருள்நாதன். “நான் பாத்தேன். பாத்துட்டுச் சோறு தின்னேன்.”

 பெண்கள் பக்கத்திலிருந்து ராஜமேரி எழுந்தாள். “பதினேழு வருசம் குடும்பம் நடத்தறேன், இந்த மனுசனுக்குப் பேச இந்த எடந்தான் கெடைச்சுது” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “நெசந்தான். நான் வெட்டலைன்னா அடுத்தவ வெட்டிருவான்னு வெட்டினேன்.” சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொருத்தியும் தலை குனிந்திருந்தாள், ஏனென்றால் ஒவ்வொருத்தியும் அதே காரணத்துக்காகத்தான் வெட்டியிருந்தாள். வாசற்படிக்கு வெளியே முக்காட்டோடு நின்றிருந்த சுல்தானா உள்ளே வராமலே சொன்னாள்: “பச்சைக்காய் இனி என் தராசுல ஏறாது. எடுத்தாந்தா திரும்பிச் சுமந்துக்கிட்டுப் போங்க.” அன்று மாலை ஊரின் முப்பத்தெட்டு அரிவாள்களும் அந்தோணியார் பீடத்தின் கீழே அடுக்கப்பட்டன. ராஜமேரியுடையது அடியில் இருந்தது, அதுதான் முதலில் வந்தது.

அதிகாரி நாற்பது நாளைக்குத் தடையை விலக்கினார். இல்லாத காட்டுக்குத் தடை வைத்திருப்பது கோப்பில் பார்க்க நன்றாக இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அருள்நாதன் வரைபடத்தின் மூன்று வட்டங்களையும் காடு நின்ற இடத்திலேயே வைத்தார். நடுவில், விதை தருகிற ஏழு தாய்மரங்களைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டினார். வெளிவட்டத்தில் உதிர்ந்ததை மட்டும் பொறுக்க வேண்டும், மரத்துக்கு ஒரு கூடை மானுக்கு விடவேண்டும் என்று பெண்கள் தாங்களே பேசி முடித்தார்கள். சாம்பல் புதனன்று தொடங்கியது. ஆற்றங்கரையில் கொட்டகை போட்டுத் தங்கிப் பொறுக்கினார்கள். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. பதினோராம் நாள் காலையில், வேரை நனைத்துக்கொண்டிருந்த மரங்கள் ஈரத்தை உதறிக்கொண்டு கரையிலிருந்து எட்டு அடி ஏறி நின்றன.

அதன்பிறகு யாரும் சரியாகத் தூங்கவில்லை. காடு வருகிற செய்தி காட்டைவிட வேகமாக வந்தது. வத்தல்மலையிலிருந்து சாமையும் கேழ்வரகும் விற்க வந்தவர்கள் மூட்டையை இறக்காமலே பார்க்கப் போனார்கள். பென்னாகரம் டீக்கடைகளில் இன்றைக்கு எத்தனை அடி என்று பந்தயம் நடந்தது. இருபத்தாறாம் நாள் அது ஒகேனக்கல் ரோட்டைக் குறுக்கே தாண்டியது. பஸ் நாற்பது நிமிடம் நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கப் போனபோது கண்டக்டர் கையைப் பிடித்தார். “இருய்யா, கன்னுங்க இருக்குது” என்றார். பெரிய மரங்கள் முன்னால் போக, முழங்கால் உயரக் கன்றுகள் தார்ச்சூட்டில் கொஞ்சம் தயங்கி, பிறகு சேர்ந்து தாண்டின. ஜன்னலோரம் இருந்தவர்களின் மடியில் பூ உதிர்ந்தது. பின்னால் கூடையோடு பெண்கள், பெண்களுக்குப் பின்னால் மான்கள், எல்லோருக்கும் பின்னால் நோட்டோடு அருள்நாதன் அடி எண்ணிக்கொண்டு வந்தார். ராஜமேரி திரும்பிப் பார்த்து, “எண்ணாதீங்க, கண்ணு பட்டுரும்” என்றாள். அவர் எண்ணிக்கொண்டே சிரித்தார்.

பெரிய சனிக்கிழமை மாலை நாவல் மரம் பதினேழாம் கல்லுக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. ஈஸ்டர் காலையில் சனம் கோயிலைத் திறந்தபோது காடு ஊரைத் தாண்டி நின்றது. தெருக்களில் கடுக்காய் மரங்கள், கிணற்றடியில் மூங்கில், பீடத்துக்குப் பின்னால் ஒரு வேங்கை. எல்லாம் வாசலையும் வழியையும் மறைக்காமல் பார்த்து நின்றிருந்தன. தடை போடக் கேட்டு யாரும் அதிகாரியிடம் போகவில்லை, கயிறும் எடுக்கவில்லை. ஆடுகளை எங்கே கட்டுவது என்று மட்டும் கொஞ்சம் பேச்சு இருந்தது.

அதிகாரி இரண்டாவது மெமோ அனுப்பினார்: உமது பொறுப்பில் உள்ள காடு உரிய அளவைவிட இருநூறு ஏக்கர் அதிகமாக உள்ளது, விளக்கம் தேவை. அருள்நாதன் “வந்தது” என்று ஒரே சொல்லில் பதில் எழுதினார். அது ஏற்கப்பட்டது.

அதிகாரி எண்பத்தெட்டில் கடலோரத்துக்கு மாற்றலாகிப் போனார். அங்கே அவருக்கு எதுவும் நகரவில்லை. சுல்தானா மண்டியைத் தன் மகள் வஹிதாவிடம் விட்டாள். பச்சைக்காய் அந்தத் தராசில் பிறகு ஏறவில்லை. பாப்பாரப்பட்டிக்காரன் புளி வியாபாரத்துக்கு மாறிவிட்டான். தாண்டிப்போன மூன்று மரங்கள் திரும்பவில்லை. கிருஷ்ணப்பனின் மாமியார் வீட்டார் அவற்றில் உதிர்ந்ததைப் பொறுக்குகிறார்கள். முப்பத்தெட்டு அரிவாள்களில் முப்பத்தேழைக் கரும்பு வெட்டத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அடியில் இருந்தது அங்கேயே துருப்பிடித்தது. ராஜமேரி கடுக்காய் பொறுக்குகிற பெண்களின் சங்கத்துக்குத் தலைவியாகி, பேச்சில் அதிகாரிகளை அழவைத்தாள். அருள்நாதன் ஓய்வு பெற்றபின் பழையபடி பேசாமல் இருந்தார். வீட்டு ரேடியோவுக்கு மட்டும் பேட்டரி வாங்கிப் போட்டார். மதியச் சோற்றைக் கடைசிவரை அதே இடத்தில்தான் தின்றார். பதினேழாம் கல் நிழலில் இருக்கிறது.