தக்கை

படகு விபத்தை விசாரிக்க வந்த பரிசோதகர் விரல் வைத்த இடத்தில் தம்பி கையெழுத்துப் போட்டான். அண்ணனைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

"நீங்க செஞ்ச வேலையில ஒரு குறையும் இல்ல. காலையில படகைப் பாத்துட்டேன். சிலிண்டர் பெட்டிக்கு அடியில ஓட்டை சுத்தமா இருக்கு. அடுப்பைத்தான் யாரோ சரியா மூடாம விட்டிருக்காங்க," என்றார் அவர்.

அந்த யாரோ யாரென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் தீக்குச்சி கிழித்ததும் படகில் தீ வெடித்தது முந்தாநாள் காலை. அதற்கு முன்தினம் அந்த அடுப்பில் கடைசியாகத் தேநீர் போட்டவள் அண்ணி.

படகுகளுக்கு கேஸ் இணைப்புக் கொடுப்பதுதான் தம்பியின் பிழைப்பு. சிலிண்டரில் கசியும் வாயு புகைபோல மேலே போகாது, தண்ணீர்போலக் கீழே இறங்கும். பெட்டியின் அடியில் ஓட்டை இருந்தால் படகுக்கு வெளியே ஓடிவிடும். இல்லையென்றால் படகின் அடிவயிற்றில் தேங்கிக் கிடக்கும். இதை அவன் ஓதாத படகுக்காரன் கிடையாது. அதனால் அண்ணன் அவனுக்கு வைத்த பெயர் 'சட்டம்'.

உபதேசமெல்லாம் ஊருக்குத்தான். ஓட்டை வழியாக அலை தெறிக்கிறது, சிலிண்டர் துருப்பிடிக்கிறது என்று போன மாதம் அண்ணன் நச்சரித்தார். "எனக்கு மட்டும் கொஞ்சம் கண்ணை மூடிக்கடா, சட்டம்."

மூடிக்கொண்டான். ஒரு தக்கையை வைத்து ஓட்டையையும் மூடினான். ஒரு வாரத்தில் வேறு வழி செய்கிறேன் என்றான், செய்யவில்லை.

நேற்று மருத்துவமனையில் அண்ணன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். மருந்து வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் படகுத்துறைக்கு ஓடியவன், அந்தத் தக்கையைப் பிடுங்கிக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பரிசோதகர் போனதும் சமையலறைக்குள் போனான். அண்ணி அடுப்பின் திருகைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றிருந்தாள்.

"மூடுனேன்னுதான் நினைச்சேன், தம்பி. மூடுனது கைக்கு ஞாபகம் இருக்கு. ஆனா பெரிய ஆபீசரே சொல்லிட்டாரே."

"அண்ணி..."

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க சொல்லாததா? நான்தான் காதுல வாங்கல."

அவன் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து மேடைமேல் வைத்தான். கட்டைவிரல் பருமன், ஒரு பக்கம் கருகியிருந்தது.

அண்ணி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எந்த பாட்டில் மூடி, தம்பி?"

அவளுடைய இன்னொரு கை, மூடியிருந்த திருகை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தது.